தரையிலிருந்து அளந்த பாவாடை

அன்புள்ள வாலு,

இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்குகிற நேரத்தில் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நன்றாக இருக்கிறோம் என்று எல்லாரும் ஒப்புக்கு எழுதுவதுதான், இந்தத் தடவை நான் அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன், எப்படி அளந்தேன் என்பதுதான் கடிதமே. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறேன், படிவத்தைக்கூடப் பூர்த்தி பண்ணி மேஜைமேல் வைத்துவிட்டேன், பத்தாம் தேதி கல்லூரி ஆபீஸில் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் நான் கத்திவிட்டு வைத்துவிட்டேன். கத்தியது தப்பு, கத்தியதில் இருந்த விஷயம் தப்பில்லை. போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல மறுபடியும் அதேதான் நடக்கும், எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், எனக்கு உட்காரவே பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியும், அதிலிருந்தே விஷயம் எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள். பத்தாம் தேதிக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிடும். முழுக்கப் படி, நடுவில் நிறுத்தாதே, அப்புறம் முடிவு பண்ணு. உன் அம்மாவுக்கு இந்தப் படிவ விஷயம் தெரியாது, அதற்காகத்தான் அன்றைக்கு நான் வெளியே மாடிப்படியில் நின்று பேசினேன். நீயும் உளறி வைக்காதே.

நீ கடைசியாக வந்து பார்த்துவிட்டுப் போனபோது அம்மா ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். படியில் வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்து பிளேட் வைத்து இப்போது நாலு மாதம் ஆகிவிட்டது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் இடது கால் இரண்டரை சென்டிமீட்டர் கட்டையாகிவிட்டது. டாக்டர் ஷூவுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் உயர்த்திக் கொடுத்திருக்கிறார், மீதியை உடம்பே பழகிக்கொள்ளும் என்கிறார். ஊரிலிருக்கிற லிஃப்டையெல்லாம் பார்த்துக்கொள்கிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இதை அம்மா நாலு மாதத்தில் நானூறு தடவை சொல்லிக் காட்டிவிட்டாள், நீ வேறு சொல்லாதே. மொத்தம் ஐம்பத்து நாலு படி. பார்சல் ஆபீஸில் எடை போடுகிற கவுண்டரை அவளுக்காகக் காலியாக வைத்திருந்தார்கள், ஆனால் ஒன்றாம் தேதி வரைக்கும்தான். அதற்குள் அவள் தனியாக மாடி இறங்கி ஏறுவதை, நடைப்பயிற்சி கொடுக்கிற பிசியோக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. பதிமூன்று வருஷமாக நின்ற இடம் அது. பார்சலைக் கையில் வாங்கியவுடனே எடையைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் தராசில் வைப்பாள் என்று நீ சின்னப் பிள்ளையில் பெருமையடித்துத் திரிவாயே, அந்த இடம்.

போவதற்கு என்ன தடை என்று கேட்டால் நீ நம்பமாட்டாய். உடுப்பு. பேன்ட் போட காலைத் தூக்கி நுழைக்க வேண்டும், அது இன்னும் முடியவில்லை, நுழைத்தாலும் இடுப்புப் பட்டி தையல் போட்ட இடத்தில் போய் அழுத்துகிறது. சரி பாவாடை என்று கடையில் இரண்டு வாங்கினோம். தலைவழியே போட்டுக்கொள்ளலாம். கணுக்கால் வரைக்கும் இறங்குகிற நீளமாகத்தான் வேண்டும் என்றாள், எதற்கென்று எனக்கு அப்போது தெரியவில்லை, அந்த உயர்த்தின ஷூ வெளியே தெரியக்கூடாது என்பதற்காம். எலாஸ்டிக் பட்டி அதேமாதிரி தழும்பில் அழுத்தியது. அதைவிடப் பெரிய தொல்லை, இடது இடுப்பு தாழ்ந்து நிற்பதால் பாவாடையும் இடது பக்கம் தாழ்ந்து தொங்கியது. வலது பக்கம் தரைக்கு மேலே இரண்டு விரல் நின்றால் இடது பக்கம் தரையைப் பெருக்கும். என் நடை கோணல்னு பாக்குறவங்களுக்கு நான் நடந்தாத்தான் தெரியும், இந்தப் பாவாடை நான் சும்மா நிக்கும்போதே ஊரைக் கூட்டிச் சொல்லுது என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அடுத்த நாள் படியேறிப் பழகும்போது இடது காலால் அந்த ஓரத்தையே மிதித்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள், விழவில்லை. அதற்கப்புறம் பதினோரு நாள் கதவைத் தாண்டவில்லை. கவுண்டரை வேற யாருக்காவது குடுத்துரச் சொல்லுங்க, நான் எழுதிக் குடுத்துர்றேன் என்று என்னிடம் சொன்னதும் அந்தப் பதினோரு நாளில்தான், உன்னிடம் போனில் சொன்னதும் அப்போதுதான். நீ படிவம் வாங்கப் போனதும் அதைக் கேட்டுத்தான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நான்தான் தையலில் இறங்கினேன். ஒரு பாவாடை என்ன பெரிய விஷயம், இரண்டு துண்டு துணி, இரண்டு பக்கம் தையல், மேலே ஒரு பட்டி, கீழே ஒரு மடிப்பு. எட்டு நிறுத்தம் உள்ள லிஃப்டைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். பெரிய தாளில் படம் போட்டேன். கீழே பேக்கரி வைத்திருக்கிற அக்காவிடம் தையல் மெஷின் இருந்தது, அதை மூன்று மாடி தூக்கி வந்தேன். லிஃப்ட் வேலையில் எல்லாம் மேலேயிருந்துதான் ஆரம்பிக்கும், உச்சியிலிருந்து கம்பியில் தூக்குக்குண்டைக் கட்டி இறக்கி அதை வைத்துத்தான் லிஃப்ட் ஓடுகிற ரெயிலை நேராக நிறுத்துவோம். அதேமாதிரி இடுப்பிலிருந்து கீழே சுற்றிலும் தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கூடக் குறையாமல் வெட்டி, ஓரத்தையும் மடித்து அடித்து, இஸ்திரி போட்டு, மேஜையில் விரித்து, ரசமட்டம் வைக்காத குறையாகச் சரிபார்த்தேன். அவ்வளவு நேர்த்தி. அம்மா போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். இடது பக்கம் அப்படியே மூன்று சென்டிமீட்டர் தொங்கியது, கடைப் பாவாடை மாதிரியே. எனக்கு வந்ததே கோபம். படம் சரி, வெட்டு சரி, தையல் சரி, அப்புறம் எப்படித் தப்பாகும். கொஞ்சம் நேரா நில்லு என்று சொல்லிவிட்டேன்.

இதை உனக்கு எழுத வேண்டுமா என்று யோசித்தேன், எழுதாமல் விட்டால் மீதிக் கதை புரியாது. அவள் கத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, நான் நேராத்தான் நிக்கிறேன், இனிமே இதுதான் என் நேர் என்றாள். பாவாடையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மெஷினை மூடி வைத்தேன். வேறென்ன செய்ய.

மறுநாள் எனக்கு மதியம் வரை ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை, முடித்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால், நான் அத்தனை நேர்த்தியாக அடித்த ஓரத்தை அம்மா பிளேடால் முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தாள். பிரித்த நூலெல்லாம் சோபாவில். பட்டியையும் பிரித்து வேறுமாதிரி வைத்திருந்தாள், அதை அப்புறம் சொல்கிறேன். ஓரம் அடிக்காத பாவாடையைப் போட்டுக்கொண்டு, ஷூவும் போட்டுக்கொண்டு, ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். பேக்கரி அக்கா கையெல்லாம் மாவோடு தரையில் மண்டி போட்டிருந்தார். என்னுடைய நல்ல ஸ்டீல் ஸ்கேல், நீ தொட்டால்கூட நான் திட்டுவேனே அது, ஒரு பலகைத் துண்டில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி நட்டமாக நிறுத்தியிருந்தது. தரையிலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டரில் அக்கா துணியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார், அம்மா கால்வாசி திரும்புவாள், அக்கா இன்னொரு கோடு போடுவார். இப்படியே ஒரு முழுச் சுற்று. ஏம்மா, இவ்வளவு தூக்கினா ஷூ தெரியுமே என்று அக்கா கேட்டார். தெரியட்டும்க்கா, ஷூ போட்டிருக்கேன்னுதானே தெரியும், வேற என்ன தெரியப்போகுது என்றாள் அம்மா. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கணுக்கால் நீளம் எதற்கு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் கழற்றி மேஜையில் விரித்தாள். வாலு, அந்தக் கோட்டை நீ பார்த்திருக்க வேண்டும். வலது பக்கம் கீழே, இடது பக்கம் மேலே, நடுவில் அலைபோல. எனக்கு வாய் சும்மா இருக்குமா, இது கோணல், இப்படியே வெட்டினால் துணி வீண் என்றேன். அம்மா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, இஞ்சினியரே, உங்க லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலயும் வந்து எதுக்கு நேரா நிக்கணும், கூரைக்கா தரைக்கா என்று கேட்டாள். தரைக்கு என்றேன். தரைக்கும் லிஃப்டுக்கும் அரை விரல் வித்தியாசம் இருந்தா என்ன ஆகும் என்றாள். தடுக்கி விழுவார்கள் என்றேன். அப்ப என்னை மட்டும் ஏன் மேலேருந்து அளந்தீங்க என்றாள். பேக்கரி அக்கா சிரித்த சிரிப்பில் சாக்பீஸ் உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. நான் டிப்ளமா படித்தவன், பதினெட்டு வருஷ அனுபவம், ஒவ்வொரு மாதமும் எத்தனை லிஃப்டைத் தரைக்கு மட்டமாக நிறுத்திக் கொடுக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. நாலு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது. வெட்டினாள், மடித்தாள், அடித்தாள், போட்டுக்கொண்டு நின்றாள். மேஜையில் கோணலாகக் கிடந்த துணி அவள்மேல் சுற்றிலும் ஒரே மட்டம். நான் ஸ்கேலை எடுத்து நாலு பக்கமும் அளந்தேன். இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தது. எங்கள் வேலையில்கூட அதைவிட அதிக வித்தியாசத்தை விடுவார்கள். மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்பாய். மெஷினைத் திறந்து சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டேன், நூல் அறுந்துகொண்டே இருந்ததைச் சரிபண்ணினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் வாயாலும் கேட்டேன், நேரா நில்லுன்னு சொன்னது என் தப்புதான் என்று. அதான் மெஷினே இவ்வளவு நைசா ஓடுதே, அதுலயே தெரிஞ்சுது என்றாள்.

இப்போது பட்டியைச் சொல்கிறேன், கவனமாகக் கேள், உனக்கும் உபயோகப்படும். முன்பக்கம் முழுக்கத் தட்டையான பட்டி. எலாஸ்டிக் பின்பக்கத்தில் மட்டும், அதுவும் வலது பாதிக்கு மட்டும். இடது பக்கம் தழும்புமேல் வெறும் மெல்லிய துணிதான் படுகிறது, அங்கே ஒன்றும் இழுக்காது. வயிற்றுக்குத் தக்கபடி இறுக்கித் தளர்த்த ஒரு நாடா, முடிச்சு வலது பக்கம் வரும். வலது பக்கத்தில் ஒரு ஆழமான பை, போன், சாவி, பஸ் அட்டை எல்லாம் உள்ளே போய்விடும். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் படிக்கம்பி, கைப்பையை எந்தக் கையில் பிடிப்பது, அதற்குத்தான் பை. இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, பிரித்து, மறுபடி அடித்து அவளே கண்டுபிடித்தாள். ஒரு விஷயம் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை, பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயவைக்க வேண்டும். இரண்டாவது பாவாடை துவைத்ததும் இரண்டு விரல் சுருங்கிவிட்டது. அதை வீட்டுக்குள் போடுகிறாள். இப்போது மொத்தம் நாலு. ஒரு சாம்பல், ஒரு நீலக்கோடு, சுருங்கின பச்சை ஒன்று, நாலாவது பூப்போட்டது. பூப்போட்ட துணி எங்கே கிடைத்தது என்று யோசிக்காதே. உன் அறை ஜன்னல் திரைதான். நல்ல கனமான துணி, வீணாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றாள். ஜன்னலுக்கு இப்போது பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கிறேன், நீ லீவுக்கு வருவதற்குள் வேறு திரை போட்டுவிடுவேன், சண்டைக்கு வராதே.

பிசியோக்காரர் இருபத்தெட்டாம் தேதி வந்தார். அவரும் என்னைப்போலத்தான், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார், எனக்கு அவரைப் பிடிக்கும். நான் கூட இறங்குகிறேன் என்றேன். நீங்க வந்தா நான் உங்களைப் பாத்துக்குவேனா படியைப் பாத்துக்குவேனா, கீழ போய் நில்லுங்க என்று அம்மா துரத்திவிட்டாள். நான் கீழே பேக்கரி வாசலில் நின்று எண்ணினேன். ஒவ்வொரு படிக்கும் ஊன்றுகோல் ஒரு தட்டு, ஷூ ஒரு தட்டு. பதினெட்டாவது படிக்கப்புறம் சத்தமே இல்லை. வாலு, அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுத எனக்கு வராது. முதல் வளைவில் மூச்சு வாங்க நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். திரும்பச் சத்தம் கேட்டது. ஐம்பத்து நாலும் இறங்கி, ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்து, ஐம்பத்து நாலும் ஏறினாள். ஏறும்போது நான் நாலு படி பின்னால் வந்து அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஷூ ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. பிசியோக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாவாடை எந்தக் கடை, என்கிட்ட வர்ற இன்னும் ரெண்டு பேருக்கு இதே தொல்லை என்று கேட்டார். கடையில கிடைக்காது, அவங்களை நிக்கச் சொல்லி தரையிலேருந்து அளக்கச் சொல்லுங்க என்று சொல்லி அனுப்பினாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினபோதே இதைச் சொல்லியிருக்கலாம். ஒன்றாம் தேதி தாண்டட்டும், போயிட்டு வந்து நானே சொல்றேன் என்று அம்மா சொல்லிவிட்டாள், எனக்கும் முடியாத வேலையை முடிந்தது என்று சொல்லிப் பழக்கமில்லை.

நேற்று ஒன்றாம் தேதி. சாம்பல் பாவாடை, வெள்ளைச் சட்டை. நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன், பஸ் வரைக்கும் வருகிறேன் என்றேன். ஊர்ல பாதிப்பேர் உங்க லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு கிடப்பாங்க, போய் அவங்களைப் பாருங்க என்று சொல்லிவிட்டுத் தானே இறங்கிப் போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். உன் ஜன்னல்தான், செய்தித்தாளைக் கொஞ்சம் கிழித்துக்கொண்டு பார்த்தேன். நடை இடது பக்கம் சாயத்தான் செய்கிறது, அதை மறைத்து எழுதமாட்டேன், இனியும் கொஞ்சம் சாயும். ஆனால் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள் பார், மூன்றாவது மாடியிலிருந்து பார்க்கிறேன், நடைபாதைக் கல்லும் பாவாடை ஓரமும் ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு கோடு. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத் திரும்பி வந்தாள். களைத்திருந்தாள், கால் வீங்கியிருந்தது, வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். முதல் பார்சலையே கையில் வாங்கி எடை சொன்னாளாம், அரைக்கால் கிலோ தப்பாகிவிட்டதாம். நாலு மாசத்துல கை மறந்துபோச்சு, ஒரு வாரத்துல வந்துரும் என்றாள். கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அந்த அரைக்கால் கிலோதான் அவளுக்கு உறுத்துகிறது. இவளைப் பார்த்துக்கொள்ளவா நீ படிப்பை நிறுத்திவிட்டு வரப்போகிறாய். வந்து என்ன செய்வாய், பாபினுக்கு நூல் சுற்றுவாயா, அந்த வேலையை நான் பிடித்துவிட்டேன்.

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, உனக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது, ஆளுக்கு ஆள் புத்தி சொல்கிற வயசு வித்தியாசம் நமக்குள் அதிகம் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன், சொல்கிறேன். அம்மா விழுந்ததிலிருந்து நானும் நீயும் அவள் முன்பு எப்படி இருந்தாளோ அங்கேயிருந்து கீழே அளந்து அளந்து எவ்வளவு குறைந்துவிட்டது என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் இப்போது நிற்கிற தரையிலிருந்து மேலே அளந்தாள். நீயும் உன் தரையில் நில். லீவுக்கு வா, அதற்கு ஒரு நாள்கூட முன்னால் வராதே. அங்கே கடைப் பாவாடையெல்லாம் இடுப்பில் நின்றால் நீளம் சரியில்லை, நீளம் சரியென்றால் இடுப்பில் நிற்கவில்லை என்று புலம்பினாயே, உனக்கும் இரண்டு தைத்து அனுப்புகிறேன் என்று அம்மா துணியை நனைத்துக் காயப்போட்டிருக்கிறாள். அளவு எடுத்து உடனே எழுது. நீயே எடுக்காதே, குனிந்தால் அளவு மாறிவிடும், அறைத்தோழியை எடுக்கச் சொல். தினமும் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து இடுப்பு வரைக்கும் முன்னால், பின்னால், இரண்டு பக்கம், நாலு அளவு, அதோடு இடுப்புச் சுற்றளவு. நீ எப்போதும் எப்படி நிற்பாயோ அப்படியே நில். நேரா நில்லு என்று யாராவது சொன்னால் கேட்காதே, உன் அப்பன் சொன்னாலும் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள், பரீட்சையை நன்றாக எழுது, கோபம் இருந்தால் போனில் கத்திவிடு, நான் வைக்கமாட்டேன். எங்கே நின்றாலும் கால் ஊன்றி நிற்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. அளவை மறக்காதே.

இப்படிக்கு,
பொறுமையில்லாத உன் அப்பா

வாலு, அப்பா கவர் ஒட்டுறதுக்கு முன்னாடி நான் எடுத்துப் படிச்சுட்டேன். மாடிப்படியில நின்னு அவர் கத்துனது பேக்கரி அடுப்பு வரைக்கும் கேட்டுச்சு, எனக்குக் கேக்காதா. அளவு எழுத வேற பேப்பர் தேடாதே. உன் மேஜைமேல ஒரு படிவம் இருக்கே, அதோட பின்பக்கம் சும்மாதான் கிடக்கும், அதுலயே எழுதி எனக்கு அனுப்பு.

அம்மா